உங்க மூக்கு என்ன நம்பர் பாஸ்?

பக்கத்துல ஸ்கேல் இருந்தா எடுங்க. மூக்கோட அகலத்தை அளந்துக்கோங்க. அடுத்து, ரெண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்கு தொடங்குற பள்ளத்திலிருந்து, உதட்டுக்கு மேலே அது முடிகிற இடம் வரைக்கும் உயரம். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்க. ஒரு நம்பர் வரும். 70-க்குக் கீழே வந்தால் உங்களுக்குக் குறுகிய மூக்கு. 70-லிருந்து 85 வரைக்கும் நடுத்தரம். 85-ஐத் தாண்டினால் அகல மூக்கு.

'சரி, அதுக்கு என்ன இப்போ?'ன்னு கேட்கிறீங்களா? நூத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி நீங்க பிறந்திருந்தால், இந்த நம்பரை வச்சு நீங்க எந்த இனம், உங்க சாதி மேலேயா கீழேயான்னு ஒருத்தர் கணக்குப் போட்டிருப்பார். அவர் மந்திரவாதி இல்லை. ஜோசியரும் இல்லை. சயின்டிஸ்ட்!

பேர் எட்கர் தர்ஸ்டன். 1885-லிருந்து 1908 வரைக்கும் சென்னை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளர். ஸ்கூல் டூரில் போய் டைனோசர் பொம்மை முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டோமே, அதே மியூசியம்தான். 1901-ல் பிரிட்டிஷ் அரசு ஆரம்பித்த இனவரைவியல் சர்வேயில் மெட்ராஸ் மாகாணம் இவர் பொறுப்பு. உதவியாளர் ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று ஏழு வால்யூம் போட்டார். எங்க செமஸ்டர் புக்ஸ் எல்லாத்தையும் அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

அந்தக் காலத்து இந்தியாவில் இந்த மூக்குக் கணக்குக்கு ஒரு பெரிய தலை உண்டு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனர் ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கு அகலம் கூடக்கூட சமூகத்தில் அந்தஸ்து குறையும் என்று சொன்னவர் அவர்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதில்லை பாஸ். அட்டவணை, சராசரி, தசமப் புள்ளியோட சொன்னார். அதனாலதான் எல்லாரும் நம்பினாங்க.

தர்ஸ்டன் தன் முன்னுரையில் சில 'காமெடி' எழுதியிருக்கிறார். பணியர் பெண்கள் அவரைப் பார்த்தாலே பயந்தார்களாம். நல்ல 'பீஸா' பார்த்துப் பிடித்து, பஞ்சு அடைச்சு மியூசியத்தில் நிறுத்திடுவார்னு நினைச்சாங்களாம். நீலகிரியில் ஒரு இருளர். எப்பவோ நடந்த ஒரு சின்னக் குற்றத்துக்காக அவரைத் தேடிக்கிட்டிருந்தாங்க. அளக்க வந்தவர், உயரம் பார்க்கிற கம்பத்தைப் பார்த்ததும் முடியவே முடியாதுன்னுட்டார். அது தூக்கு மரம்னு நினைச்சாராம்.

தர்ஸ்டனுக்கு இது சிரிப்பு. எனக்கு என்னவோ, அந்த இருளர் விஷயத்தை ரொம்ப கரெக்டா புரிஞ்சுக்கிட்டார்னுதான் தோணுது. ஏன்னா, மனிதர்களை அளப்பது எப்படின்னு இதே தர்ஸ்டன் போலீஸ்காரர்களுக்கும் பாடம் எடுத்தார்.

ஹாஸ்டலில் ஒரு லேப்

நான் எதுக்கு இந்த மூக்கு மேட்டரில் மூக்கை நுழைச்சேன்னு சொல்லணும். நான் சங்கராபுரம் பையன். ஊரில் மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே நீலமா தெரியுமே, அந்தக் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன் என் ரூம் மேட். பேர் வேண்டாம். ரூமில் அவனுக்குப் பேரே 'வெள்ளிமலை'தான். மலையாளி பழங்குடி. முதல் நாள் இன்ட்ரோவில் 'நான் மலையாளி'ன்னான். உடனே ஒருத்தன், 'கேரளாவில் எங்கே மச்சான்?'னு கேட்டான். மலையில் வாழ்வதால் அந்தப் பேர், மத்தபடி பேசுறது தமிழ்தான்னு இவன் நாலு வருஷம் விளக்கப் போறான், பாவம்.

தர்ஸ்டன் பத்தி நான் படிச்சுக் காட்டின ராத்திரி, ஒருத்தன் ஃபிசிக்ஸ் லேபிலிருந்து வெர்னியர் காலிப்பரைச் சுட்டுக்கிட்டு வந்துட்டான். (காலையில் திருப்பி வச்சாச்சு சார்!) நாலு பேரும் அளந்தோம். அதுதான் தப்பாப் போச்சு. என் மூக்கின் அகலம் 3.9 சென்டிமீட்டர், அதில் சண்டை இல்லை. உயரத்தை ஒருத்தன் 5.0 என்றான். இன்னொருத்தன், மூக்கு அங்கே தொடங்கலை, கொஞ்சம் கீழேன்னு சொல்லி 4.5 எடுத்தான். கணக்குப் போடுங்க. முதல் ஆள் கணக்கில் எனக்கு 78, நடுத்தர மூக்கு. ரெண்டாவது ஆள் கணக்கில் 86.7. நான் அகல மூக்கு ஆயிட்டேன்! அஞ்சு மில்லிமீட்டரில் என் 'இனம்' மாறிடுச்சு.

வெர்னியரோட லீஸ்ட் கவுன்ட் 0.01 சென்டிமீட்டர். கருவி பக்கா. ஆனா மூக்கு எங்கே தொடங்குதுன்னு கருவி சொல்லாது. அதை அளக்கிற ஆள்தான் முடிவு பண்றான். முடிவு பண்ணின பிறகு தசமப் புள்ளி வந்து உட்கார்ந்து, அது ஏதோ இயற்கையே சொன்ன மாதிரி ஆயிடுது. ஃபர்ஸ்ட் இயரில் எரர் அனாலிசிஸ் நடத்தினப்போ இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கொஞ்சம் பீட்டர் விடுறேன், பொறுத்துக்கோங்க

1784-ல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், 'அறிவொளி'ன்னா என்னன்னு ஒரு கட்டுரை எழுதினார். சாமியார், ராஜா, புத்தகம்னு யார் பின்னாடியும் போகாம உன் புத்தியை நீயே பயன்படுத்தத் துணிஞ்சு இறங்குன்னு சொன்னார். ஐரோப்பா முழுக்க அந்த அலைதான். பகுத்தறிவு வந்தால் பயம் போகும், பயம் போனால் அடிமைத்தனம் போகும். கேட்க செமையா இருக்குல்ல?

நூற்று அறுபது வருஷம் கழிச்சு, ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடின ரெண்டு ஜெர்மன் யூதர்கள், ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும், 'அப்படின்னா நம்ம ஊரில் ஏன் இப்படி நடந்துச்சு?'ன்னு யோசிச்சாங்க. 1944-ல் முடிச்ச 'அறிவொளியின் இயங்கியல்' என்ற புத்தகத்தில் அவங்க சொன்னதை எங்க ஹாஸ்டல் பாஷையில் சொன்னால் இதுதான்: எல்லாத்தையும் எண்ணா மாத்தினால் எல்லாத்தையும் ஆளலாம். முதலில் காடு, ஆறு, மலை. அப்புறம் மனுஷன். பகுத்தறிவு 'எதுக்கு?'ன்னு கேட்கிறதை விட்டுட்டு 'எப்படி?'ன்னு மட்டும் கேட்க ஆரம்பிச்சா, கேஸ் சேம்பரைக்கூட திறமையா கட்டும்.

அடுத்து பிரான்ஸில் ஃபூக்கோ. 1975-ல் ஜெயிலைப் பத்தி எழுதும்போது, பெந்தம் என்ற ஆங்கிலேயர் பிளான் போட்ட வட்டச் சிறையை உதாரணம் காட்டினார். நடுவில் கோபுரம், சுத்தி அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்காரா இல்லையான்னு கைதிக்குத் தெரியாது. அதனால எப்பவும் இருக்கார்னு நினைச்சு ஒழுங்கா இருப்பான். நம்ம ஹாஸ்டல் காரிடாரில் பாதி சிசிடிவி வேலை செய்யாதுன்னு தெரிஞ்சும் நாம குனிஞ்சுக்கிட்டுப் போறோமே, அதேதான். அறிவும் அதிகாரமும் ஒண்ணையொண்ணு வளர்க்கும் என்பது அவர் வாதம். ஒருத்தனைப் பத்தி நிறைய 'தெரிஞ்சுக்கிறது' அவனை ஆள்றதில் ஒரு பாதி.

ஆயாவின் கட்டைவிரல்

கைரேகைக்கு வருவோம். குற்றவாளிகளைக் கைரேகை வச்சுக் கண்டுபிடிக்கிற முதல் அலுவலகம் லண்டனில் திறக்கலை பாஸ். 1897-ல் கல்கத்தாவில். வகைப்படுத்துற முறைக்கு ஹென்றின்னு வெள்ளைக்கார அதிகாரி பேர் வச்சாங்க. மண்டையை உடைச்சுக் கணக்குப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற ரெண்டு இந்தியர்கள். (ப்ராஜெக்ட் நாம பண்ணி பேர் டீம் லீடருக்குப் போறது அப்பவே உண்டு!)

அந்த ரேகை யார்கிட்ட எடுத்தாங்க என்பதுதான் மேட்டர். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் திருத்தி மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டு வந்தாங்க. நீ திருடினியா இல்லையான்னு கேள்வியே கிடையாது. நீ பிறந்த சாதியே 'பரம்பரைக் குற்றவாளி'. ரேகை வை, ஊரை விட்டுப் போனால் சொல்லிட்டுப் போ. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம்னு எதிர்த்து நின்ன பிரமலைக் கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட பதினாறு பேருக்குக் குறையாமல் செத்துப் போனாங்க. நம்ம கள்ளக்குறிச்சியும் அன்னைக்கு இருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், அஜீஸ் நகர் என்று ஒரு 'செட்டில்மென்ட்'டே வச்சு ஆட்களை அடைச்சிருந்தாங்க. மெட்ராஸில் 1947-ல்தான் அந்தச் சட்டம் போச்சு.

மூக்கு அளக்கிறது பொய் சயின்ஸ். கைரேகை உண்மையான சயின்ஸ். ரெண்டுமே ஒரே ஆட்கள் மேலதான் பாய்ஞ்சது. 'தப்பான சயின்ஸ் மட்டும்தான் ஆபத்து, நல்ல சயின்ஸால் ஒண்ணும் ஆகாது'ன்னு நான் நினைச்சிருந்தது இங்கே ஆட்டம் கண்டுச்சு.

இப்போ எங்க ஆயா கதை. 2020-லிருந்து ரேஷன் கடையில் விரல் வைக்கணும். ஆயா அம்பது வருஷம் களை எடுத்த கை. ரேகை தேஞ்சு வழவழன்னு இருக்கும். மிஷின் ரெட் லைட் காட்டும். துணியில் துடைச்சு வச்சா ரெட். அடுத்த விரல், ரெட். 'ஏன் கண்ணு, என்னை எனக்கே தெரியாதாமா?'ன்னு என்கிட்ட கேட்டாங்க. கடைக்காரர் நல்ல மனுஷர், அவருக்கு ஆயாவை இருபது வருஷமாத் தெரியும். ஆனா அவருக்குத் தெரிஞ்சா போதாது, மிஷினுக்குத் தெரியணும். கடைசியில் இடது கை நடுவிரலுக்குப் பச்சை எரிஞ்சது.

அளக்காத மலை

'அப்போ சயின்ஸே வேணாம், கணக்கெடுப்பே வேணாம், அந்தக் காலம்தான் சூப்பர்'னு கிளம்பிடாதீங்க. அங்கேதான் எங்க மலை குறுக்கே நிக்குது.

கல்வராயன் மலையில் ரொம்ப காலம் ஆண்டது ஜாகீர்தார்கள். மூணு ஜாகீர். மலை மக்கள் அவங்க நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்கணும், வரி கட்டணும். நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கிடுச்சு. இந்த மலையில் அரசு முழுசா கைக்கு எடுத்தது 1976-ல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேலே செத்தாங்களே, அதுக்கப்புறம் கல்வராயன் மலை மக்களின் நிலை பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கு எடுத்தது. மலை மக்களுக்கு ஓட்டு கிடைச்சதே 1996-ல்தான்னு அந்த வழக்கின்போது சொல்லப்பட்டது. ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் அங்கே பேச்சுக்கு வந்தது.

யோசிச்சுப் பாருங்க. அந்த மலையில் யாரும் மூக்கை அளந்து ஆளலை. சர்வே கல், பட்டா, வாக்காளர் பட்டியல் எதுவுமே ஒழுங்கா இல்லாமத்தான் ஆண்டாங்க. கணக்கில் வராததுதான் அங்கே அடிமைத்தனம். வெள்ளிமலையோட தாத்தாவுக்கு ஒரு சர்வேயர் சங்கிலி புடிச்சு நிலத்தை அளந்து பேப்பர் கொடுத்திருந்தா, அது விடுதலையாத்தான் இருந்திருக்கும். வெளிநாட்டுத் தத்துவவாதிகள் மலைக்கு வந்திருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிஞ்சிருப்பாங்க.

அதே சமயம், அரசு வந்தாலே விடுதலைன்னும் சொல்ல முடியலை. பக்கத்து மாவட்டமான தர்மபுரியில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. அதுவும் மலையாளி ஊர். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூணும் சேர்ந்து நுழைஞ்சு, ஊரையே நொறுக்கி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தாங்க. 2011-ல் உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. காட்டை 'விஞ்ஞான முறையில்' காப்பாத்துறோம்னு 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கின துறையில், காட்டில் வாழ்றவன் எப்பவுமே சந்தேகக் கேஸ்தான்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பகுத்தறிவு'ன்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வருவது கான்ட் இல்லை, பெரியார். நம்ம ஊரில் அந்த வார்த்தை மேலே உட்கார்ந்தவன் கையில் இருந்த அளவுகோல் இல்லை, கீழே இருந்தவன் கேட்ட கேள்வி. அம்பேத்கர் பண்ணினது இன்னும் மாஸ். 1948-ல் தீண்டப்படாதோர் பற்றி எழுதின புத்தகத்தில், இதே மூக்கு அளவுகளைக் கையில் எடுத்தார். இந்த சயின்ஸ் உண்மைன்னா, இதன்படி பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம்தான்னு காட்டிட்டார். அவங்க ஸ்கேலாலேயே அவங்களுக்கு அடி!

இதனால்தான் ஒரு விஷயத்தில் நான் மீரா நந்தா கட்சி. சயின்ஸ் என்பதே மேற்கத்திய ஆதிக்கம்னு நம்ம ஊர் அறிஞர்கள் சிலர், முக்கியமா ஆஷிஸ் நந்தி மாதிரி ஆட்கள், எண்பதுகளில் கடுமையா எழுதினாங்க. அதில் நியாயம் நிறைய. ஆனா அந்த வாதத்தைப் பழமைவாதிகள் அழகா சுருட்டிக்கிட்டுப் போயிடுறாங்கன்னு 2003-ல் மீரா நந்தா ஒரு புத்தகமே போட்டார். 'வெள்ளைக்காரன் சயின்ஸ் வேணாம்'னு ஆரம்பிச்சு 'எங்க தாத்தாவோட சாதிதான் சயின்ஸ்'ல முடிக்கிற மாமாக்கள் எல்லார் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒருத்தராவது இருக்காங்கதானே?

கோடு எழுதுற கைகளுக்கு

'இதெல்லாம் பழைய கதை, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்'னு சொல்றவங்களுக்கு ஒரு நியூஸ். 2016-ல் சீனாவில் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், முகப் போட்டோவை வச்சே ஒருத்தர் குற்றவாளியா இல்லையான்னு மெஷின் லேர்னிங் சொல்லிடும்னு ஒரு பேப்பர் போட்டாங்க. உலகம் பூரா கிழிகிழின்னு கிழிச்சாங்க. தர்ஸ்டன் காலிப்பரைத் தூக்கிப் போட்டுட்டு கேமராவை வாங்கினா எப்படி இருக்குமோ, அப்படி. இங்கே 2022-ல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டம், கைதானவர்கள்கிட்ட கைரேகையோட கண் பாப்பா வரைக்கும் எடுக்கலாம், 75 வருஷம் வச்சிருக்கலாம்னு சொல்லுது. அந்த டேட்டாபேஸை எழுதப் போறது யார்? கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகப் போற நீங்களும் நானும்தான்.

கடைசியா வெள்ளிமலையோட சர்டிபிகேட் கதை. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தரணும். சந்தேகம்னா மானிடவியல் தெரிஞ்ச அதிகாரி இருக்கிற கமிட்டி வரைக்கும் விசாரணை போகும். 'உங்க கல்யாணத்தில் என்ன செய்வீங்க? குலசாமி யார்? சாவு வீட்டில் என்ன சடங்கு?' பதில் 'சரியா' இருந்தால் நீ பழங்குடி. சினிமா பாட்டு போட்டுக் கல்யாணம் பண்ணினா சந்தேகக் கேஸ். 2023-ல் உச்ச நீதிமன்றம், இந்தப் பண்பாட்டுச் சோதனையை மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. இதில் இன்னொரு கூத்து. பட்டியலில் 'மலையாளி'க்குப் பக்கத்தில் சேலம், தென்னாற்காடுன்னு பழைய மாவட்டப் பேர்கள் இருக்கு, கோயம்புத்தூர் இல்லை. அதனால் அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்து இப்போ ஈரோட்டில் இருக்கும் பர்கூர் மலை மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாதுன்னு ஆகி, பல வருஷமாப் போராடுறாங்க. மேப்பில் இழுத்த கோட்டுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை.

வெள்ளிமலையோட அப்பாவை ஒரு அலுவலகத்தில் நாலு தடவை அலைய விட்டாங்க. அஞ்சாவது தடவை போகும்போது, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கொடுத்த ஜெராக்ஸ் ஒண்ணு ஃபைலில் இருந்தது. லீவில் ஊருக்குப் போனப்போ நான் வாங்கிப் பார்த்தேன். தர்ஸ்டன்! நாலாவது வால்யூம், மலையாளி பக்கம்.

இங்கிலீஷில் இருந்ததை நான் படிச்சு அர்த்தம் சொன்னேன். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறின கதை. அவங்க அப்பா சிரிச்சார்.

'இது எங்க அம்மா சொல்ற கதைதான் தம்பி. ஆனா அவங்க கொஞ்சம் வேற மாதிரி சொல்லுவாங்க.'

'எதுங்க அய்யா சரி?'

'அம்மா சொல்றதுதான். ஆனா விசாரணையில கேட்டா, இதுல இருக்கிற மாதிரியே சொல்லிடுன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். எதுக்கும் நீ இன்னொரு தடவை படிச்சுக் காட்டு தம்பி, அவன் மனப்பாடம் பண்ணிக்கட்டும்.'